கணக்கும் கட்டளையும்

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், ஆரம்ப ஆண்டுகளில் வந்த லேப்டாப்களை ஆன் செய்தால் ஒரு கேள்வி எழும்: விண்டோஸா, பாஸ் லினக்ஸா? மாணவர்களில் பலர் விண்டோஸைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். பாஸ் என்று ஒன்று உள்ளே இருந்ததையே மறந்துபோனவர்களும் உண்டு. அதற்குள் எட்டிப் பார்த்த சிலருக்குக் கிடைத்தது, விண்டோஸ் அவ்வளவு எளிதில் காட்டாத ஒரு காட்சி.

பாஸ் என்பது ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியன் லினக்ஸின் மேல் கட்டி 2007இல் வெளியிட்டது. அதற்குத் தாய்வீடாக இருந்த திட்டம், கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையமான என்ஆர்சிஃபாஸ். அந்தத் திட்டத்தில் சி-டாக்கின் கூட்டாளியான ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையம், தாம்பரத்துக்கு அருகே குரோம்பேட்டையில், எம்ஐடி வளாகத்துக்குள் இருக்கிறது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த அதே வளாகம்.

பாஸில் டெர்மினலைத் திறந்து, ‘ப்ராக்’ கோப்புறையில் உள்ள ‘மெம்இன்ஃபோ’ என்ற கோப்பைக் காட்டச் சொன்னால் வரிசையாக எண்கள் விழும். மொத்த நினைவகம் எவ்வளவு, காலியாக இருப்பது எவ்வளவு, வட்டிலிருந்து படித்துக் கைவசம் வைத்திருப்பது எவ்வளவு என்று நீளும் பட்டியல். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோப்பின் அளவு பூஜ்யம் பைட் என்றுதான் கணினி சொல்லும். வட்டில் அது எங்கும் இல்லை. யாராவது படிக்கக் கேட்கும் கணத்தில், இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் உள்கணக்கைப் பார்த்து அப்போதைக்கப்போது எழுதிக் கொடுக்கிறது.

அதே ப்ராக் கோப்புறைக்குள் இன்னும் இரண்டு படி இறங்கினால் ‘டிராப்_கேஷஸ்’ என்றொரு கோப்பு கிடக்கும். கணினியின் முழு அதிகாரமான ரூட் உரிமை உள்ளவர் அதில் 3 என்று ஒற்றை எண்ணை எழுதினால் போதும். கைவசம் வைத்திருந்த வட்டுத் தரவில் தூக்கிப் போடக்கூடிய அத்தனையையும் கெர்னல் தூக்கிப் போட்டுவிடும். மறுபடியும் எல்லாவற்றையும் வட்டிலிருந்தே படித்தாக வேண்டும் என்பதால் மெஷின் கொஞ்ச நேரம் தவழும். பார்வைக்கு இரண்டும் கோப்புகள். இரண்டிலும் இருப்பது எண்கள். முதலாவது கணக்குச் சொல்கிறது, இரண்டாவது கட்டளை வாங்குகிறது.

கோடு எளிதாகத் தெரிகிறது: படிப்பது கணக்கு, எழுதுவது கட்டளை. இயங்குதளம் எழுதுகிறவர்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். அந்தக் கோடு எத்தனை இடத்தில் வழுக்கியது என்பதுதான் இந்த அத்தியாயம்.

தாம்பரம் ஸ்டேஷனில் நிற்கும் யார் வேண்டுமானாலும் இண்டிகேட்டர் பலகையைப் பார்க்கலாம். செங்கல்பட்டு லோக்கல் எந்தப் பிளாட்பாரத்தில், எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள டிக்கெட்கூடத் தேவையில்லை. பாயின்டைத் திருப்பி ஒரு வண்டியை வேறு தண்டவாளத்துக்கு அனுப்பும் அதிகாரமோ சிக்னல் பணியில் இருப்பவருக்கு மட்டும்தான். பலகையில் தவறு வந்தால் பயணிகள் திட்டிக்கொண்டே படியேறி அடுத்த பிளாட்பாரத்துக்கு ஓடுவார்கள். பாயின்டில் தவறு வந்தால் மறுநாள் பேப்பரில் வரும். இப்போது பலகையே இல்லாத ஒரு ஸ்டேஷனை எண்ணிப் பாருங்கள். வண்டி எப்போது வரும் என்று தெரிய வேண்டுமானால் சிக்னல் அறைக்குள் நுழைந்து, அங்குள்ள லிவர்களின் நிலையைப் பார்த்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பகால யூனிக்ஸ் அப்படித்தான் இருந்தது.

1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், எந்தெந்த நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் ‘பிஎஸ்’ கட்டளை இருந்தது. ஆனால் அந்தத் தகவலைத் தருவதற்குக் கெர்னலில் தனி வாசல் இருக்கவில்லை. பிஎஸ் நேராகக் கெர்னலின் நினைவகத்தையே ‘கேமெம்’ என்ற சாதனக் கோப்பு வழியாகத் திறந்து, பட்டியல் எந்த முகவரியில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, துண்டு துண்டாகப் படித்தது. கெர்னலில் ஒரு கட்டமைப்பின் வடிவம் மாறினால் பிஎஸ்ஸையும் மறுபடி தொகுக்க வேண்டும். இல்லாவிட்டால் குப்பையைக் காட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கெர்னலின் நினைவகத்தில் மற்றவர்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் எழுத்துகள்கூடத் தற்காலிகமாகத் தங்கும். கடவுச்சொல்லும் அதில் அடக்கம். ஆகவே பிஎஸ் போன்ற நிரல்களுக்கு மட்டும் தனிச் சலுகை கொடுத்தார்கள். அப்படிச் சலுகை பெற்ற நிரல் எதிலாவது ஒரு பிழை இருந்தால் முழுக் கெர்னலும் அம்பலம்.

1984இல் பெல் ஆய்வகத்தின் டாம் கில்லியன், ஓடும் ஒவ்வொரு நிரலையும் ஒரு கோப்பாகக் காட்டும் யோசனையை முன்வைத்தார். இன்றைய ப்ராக் கோப்புறையின் மூதாதை அது. அதே ஆய்வகத்தில் ராப் பைக், கென் தாம்ப்சன் முதலானோர் பிறகு எழுதிய ‘பிளான் 9’ இயங்குதளம் அந்த யோசனையை இன்னும் சுத்தமாகச் செய்தது. ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்புறை. அதற்குள் ‘ஸ்டேட்டஸ்’ என்ற கோப்பைப் படித்தால் கணக்கு வரும். ‘சிடிஎல்’ என்ற கோப்பில் ‘ஸ்டாப்’, ‘கில்’ என்று சாதாரண எழுத்தில் எழுதினால் கட்டளை நிறைவேறும். எது பலகை, எது லிவர் என்பது கோப்பின் பெயரிலேயே தெரிந்தது. பிளான் 9 வணிகரீதியாக எடுபடவில்லை என்றாலும், இந்த விஷயத்தில் அதைவிடத் தெளிவான வடிவமைப்பு பிறகு வரவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

லினக்ஸ் அந்தத் தெளிவைப் பாதிதான் எடுத்துக்கொண்டது. நிரல்களின் விவரத்துக்காக வந்த ப்ராக் கோப்புறையில் நினைவகம், நெட்வொர்க், இன்டரப்ட், கட்டுப்பாடுகள் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். வாடகைக்கு விட்ட வீட்டின் மாடி அறைபோல அது நிரம்பி வழிந்தது என்று சொன்னால் மிகையில்லை. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னல், சாதனங்களுக்காக ‘சிஸ்’ என்ற தனிக் கோப்புறையைத் தந்தது. ஒரு கோப்பு, ஒரு மதிப்பு என்பது அங்கே விதி. அடுத்த ஆண்டே, எந்த விதியும் வேண்டாம் என்பவர்களுக்காக ‘டிபக்எஃப்எஸ்’ வந்தது. அங்கே வைத்ததை நாளைக்கே மாற்றலாம், யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது அதன் உடன்படிக்கை.

இந்த உடன்படிக்கை விஷயம் வெளியாட்களுக்குப் புரிவது கடினம். கெர்னல் ஒரு கணக்கை ஒருமுறை வெளியே காட்டிவிட்டால், அதை நம்பி உலகம் முழுக்க நிரல்கள் எழுதப்பட்டுவிடும். பிறகு அதன் வடிவத்தை மாற்ற முடியாது. லினக்ஸில் ப்ராசஸரின் நேரக் கணக்கைச் சொல்லும் ‘ஸ்டேட்’ கோப்பின் முதல் வரியில் தொடக்கத்தில் நான்கே எண்கள் இருந்தன: பயனர் நிரலில் கழிந்த நேரம், முன்னுரிமை குறைந்த நிரலில் கழிந்தது, கெர்னலில் கழிந்தது, சும்மா இருந்தது. இன்று அதே வரியில் பத்து எண்கள். வட்டுக்காகக் காத்திருந்தது, மெய்நிகர் மெஷினிடமிருந்து பறிபோனது என்று ஒவ்வொன்றாக வாலில் ஒட்டினார்களே தவிர, நடுவில் செருகவோ பழையதை நீக்கவோ இல்லை. கணக்குச் சொல்வதும் ஒருவகை வாக்குறுதிதான்.

சரியான கணக்கு இல்லாத இடத்தில் தவறான கட்டளை முளைக்கும். டிராப்_கேஷஸின் கதை அதற்குச் சாட்சி. லினக்ஸ் காலி நினைவகத்தை வீணாக வைத்திருக்காது; வட்டிலிருந்து படித்ததை அதில் நிரப்பிவைத்து, யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். ஆனால் ‘காலி’ என்ற எண்ணை மட்டும் பார்க்கும் சர்வர் நிர்வாகிக்கு நினைவகம் தீர்ந்துபோனதாகவே தோன்றும். இணையத்தில் தேடினால் மணிக்கொருமுறை டிராப்_கேஷஸில் 3 எழுதும் தந்திரம் கிடைக்கும். அதைச் செய்தவுடன் ‘காலி’ என்ற எண் ஏறும், மனம் குளிரும், சர்வர் மெதுவாகும். இது நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் வழி இல்லை என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. போதாததற்கு, யார் அதில் எழுதினாலும் நிரலின் பெயரோடு பதிவேட்டில் குறித்தும் வைக்கிறது. உண்மையான மருந்து 2014இல் 3.14 கெர்னலோடு வந்தது. ‘மெம்அவைலபிள்’ என்று மெம்இன்ஃபோவில் ஒரு புது வரி. புதிதாக ஒரு நிரல் தொடங்கினால் உண்மையில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்ற மதிப்பீடு அது. பழைய வரி அப்படியே இருந்தது; பக்கத்தில் நல்ல எண் ஒன்று வந்து உட்கார்ந்தது.

கணக்கையும் கட்டளையையும் பிரிக்கும் சண்டை கெர்னலுக்கு வெளியிலும் நடந்திருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால், கூடுவாஞ்சேரியை ஒட்டிய எஸ்டான்சியா வளாகத்தில் ஸோஹோ இருக்கிறது. இன்று அது அலுவலக மென்பொருளுக்குப் பேர்போன நிறுவனம். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் தொழில் வேறு: நெட்வொர்க் சாதனங்களை மேலாண்மை செய்யும் மென்பொருள். அந்தத் தொழிலின் மொழி எஸ்என்எம்பி என்ற நெறிமுறை.

1988இல் வந்த எஸ்என்எம்பியில் முக்கியமான செயல்கள் இரண்டு. ‘கெட்’ என்றால் ரவுட்டரிடம் கணக்குக் கேட்பது: இந்தப் போர்ட்டில் எத்தனை பைட் போனது, எத்தனை பிழை? ‘செட்’ என்றால் கட்டளை: இந்தப் போர்ட்டை மூடு. இரண்டும் ஒரே வாசல் வழியாக, ஒரே வடிவில் போயின. வித்தியாசம் கடவுச்சொல்லில் மட்டும். கணக்குக்கு ‘பப்ளிக்’, கட்டளைக்கு ‘பிரைவேட்’. பல சாதனங்கள் கடையிலிருந்து வரும்போதே இந்த இரண்டு சொற்களோடு வந்தன. வாங்கியவர்கள் மாற்றவும் இல்லை. போதாக்குறைக்கு அவை நெட்வொர்க்கில் மறைக்கப்படாமல் வெளிப்படையாகப் பயணித்தன. விவரம் தெரிந்த நிர்வாகிகள் ‘செட்’டையே அடைத்துவிட்டார்கள்.

அதன் விளைவு, எஸ்என்எம்பி கணக்குக் கேட்பதற்கு மட்டும் உலகெங்கும் வாழ்ந்தது. கட்டளைக்கு ஆட்கள் ரவுட்டருக்குள் நேரடியாக நுழைந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். 2002இல் இணையக் கட்டமைப்பு வாரியம் கூட்டிய பட்டறையில் நெட்வொர்க் நடத்துகிறவர்களே இதைப் போட்டு உடைத்தார்கள். அதிலிருந்து 2006இல் ‘நெட்கான்ஃப்’ என்ற புதிய நெறிமுறையும், பிறகு ‘யாங்’ என்ற விவரிப்பு மொழியும் பிறந்தன. யாங்கில் ஒவ்வொரு தகவலின் நெற்றியிலும், இது மாற்றக்கூடிய அமைப்பா, வெறும் நிலவரமா என்று எழுதி ஒட்டியிருக்கும்.

எஸ்என்எம்பி விட்டுச்சென்ற ஒரு நல்ல பழக்கத்தையும் சொல்ல வேண்டும். அதன் பைட் கணக்கு ஏறிக்கொண்டே போகும். படித்ததும் யாரும் அதைப் பூஜ்யமாக்குவதில்லை. நொடிக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், இருமுறை படித்துக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். பத்துப் பேர் ஒரே எண்ணைப் படித்தாலும் ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்க முடியாது. ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. 32 பிட் கவுன்டர் நிரம்பினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் முழுமூச்சாக ஓடும் இணைப்பில் 34 நொடிகளில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் மென்பொருளுக்கு இடையில் எத்தனை சுற்று போனது என்று எப்படித் தெரியும்? அதனால் 64 பிட் கவுன்டர்கள் வந்தன.

கேமெம்மைத் தவிர, இதுவரை வந்த வில்லன்கள் எல்லாம் எழுதும் வாசல்கள். படிக்கும் வாசல் சாது என்ற நம்பிக்கை 2011இல் உடைந்தது.

2006இல் வந்த 2.6.18 கெர்னலில் ‘டாஸ்க்ஸ்டாட்ஸ்’ என்ற வசதி சேர்ந்தது. ஐபிஎம்மின் ஷைலப் நாகர், பெங்களூரில் அதே நிறுவனத்தின் லினக்ஸ் மையத்தில் பணியாற்றிய பல்பீர் சிங் ஆகியோரின் கை அதில் உண்டு. ஒரு நிரல் ப்ராசஸருக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது, வட்டுக்காக எவ்வளவு என்று சொல்லும் அருமையான கணக்கு. அதைக்கொண்டு யாரும் எதையும் மாற்ற முடியாது. தூய பலகை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நிரல் இதுவரை எத்தனை பைட் படித்தது என்ற எண்ணும் இருந்தது. கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும் நிரலின் அந்த எண்ணை இன்னொரு பயனர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால்? கடவுச்சொல் உள்ளே போனதும் எண் எத்தனை ஏறியதோ, அதிலிருந்து கடவுச்சொல்லின் நீளம் தெரிந்துவிடும். ப்ராக்கில் உள்ள ‘ஐஓ’ கோப்பிலும் இதே ஓட்டை. இரண்டும் 2011இல் அடைக்கப்பட்டன. எந்த நிரல் வட்டைக் குடைகிறது என்று காட்டும் ‘ஐஓடாப்’ அன்றிலிருந்து ரூட் உரிமை கேட்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கும், காரணம் இதுதான்.

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ப்ராசஸர் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று காட்டும் ஆப்கள் 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது ஊமையாகின. மேலே சொன்ன ‘ஸ்டேட்’ கோப்பையும், சாதனங்கள் ப்ராசஸரைக் குறுக்கிடும் இன்டரப்ட்களின் கணக்கையும் கூகுள் சாதாரண ஆப்களுக்கு அடைத்துவிட்டது. தொடுதிரையில் விரல் படும்போதெல்லாம் ஓர் இன்டரப்ட் எண் ஏறும். எப்போது தொட்டார்கள் என்பதிலிருந்தே என்ன தட்டினார்கள் என்று ஊகிக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் உச்சம் 2020 நவம்பர். இன்டெல் ப்ராசஸர்களில் 2011இன் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்தே மின்செலவை அளக்கும் கவுன்டர் இருக்கிறது. லினக்ஸ் அதை ‘பவர்கேப்’ என்ற கோப்புறையில் காட்டியது. அங்கே ‘எனர்ஜி_யூஜே’ என்ற கோப்பைப் படித்தால் இதுவரை செலவான ஆற்றல் மைக்ரோஜூலில் வரும். பக்கத்திலேயே மின் வரம்பை நிர்ணயிக்கும் கோப்பு. முதலாவது பலகை, இரண்டாவது லிவர். லிவரைப் பூட்டிவிட்டு, பலகையை எல்லாருக்கும் திறந்துவைத்திருந்தார்கள். கிராட்ஸ், பர்மிங்காம் பல்கலைக்கழகங்களையும் ஜெர்மனியின் சிஸ்பா மையத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், அந்தக் கவுன்டரின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களிலிருந்து மறைகுறியாக்கச் சாவிகளையே மீட்க முடியும் என்று நிரூபித்தார்கள். தாக்குதலின் பெயர் ‘பிளாட்டிபஸ்’. மின்செலவைப் பார்த்துச் சாவியைத் திருடும் கலை 1990களின் இறுதியிலேயே தெரிந்ததுதான். ஆனால் அப்போது கையில் ஆசிலாஸ்கோப்போடு சாதனத்தின் அருகில் போக வேண்டும். இங்கே ஆசிலாஸ்கோப்பைக் கணினியே கொடுத்தது. இப்போது எனர்ஜி_யூஜேயை ரூட் மட்டுமே படிக்கலாம்.

படிப்பதும் ஆபத்தாகலாம் என்பதை லினக்ஸ் ஏற்கெனவே கொள்கையாகவும் எழுதிவைத்திருந்தது. 2019 நவம்பரில் வந்த 5.4 கெர்னலின் ‘லாக்டவுன்’ வசதியில் இரண்டு நிலைகள். முதல் நிலையில், ரூட்டாக இருந்தாலும் ஓடும் கெர்னலை மாற்ற முடியாது. இரண்டாம் நிலையில், கெர்னலின் ரகசியங்களைப் படிக்கவும் முடியாது. செயல்திறன் அளக்கும் ‘பெர்ஃப்’ கருவிக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு.

பெர்ஃப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் படிப்பது கணக்கு, எழுதுவது கட்டளை என்ற கோட்டை மறுபக்கத்திலிருந்து உடைப்பது அதுதான். நவீன ப்ராசஸருக்குள் நூற்றுக்கணக்கான நிகழ்வுகளை எண்ணலாம்: முடிந்த கட்டளைகள், கேஷில் கிடைக்காமல் போனவை, தவறிய ஊகங்கள். ஆனால் எண்ணும் கவுன்டர்கள் ஒரு கோருக்குச் சில மட்டுமே இருக்கும். எதை எண்ணுவது என்று முதலில் சொல்லியாக வேண்டும். அதாவது, கணக்குக் கேட்பதற்கே ஒரு கட்டளை தேவை. 2009இல் 2.6.31 கெர்னலில் இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் ஆகியோர் கொண்டுவந்த பெர்ஃப் வாசலின் சாமர்த்தியம் இங்கேதான். கவுன்டரைத் தொடங்கு, நிறுத்து, பூஜ்யமாக்கு என்ற கட்டளைகள் உண்டு. ஆனால் அவை கேட்டவருக்கு ஒதுக்கிய கவுன்டரை மட்டுமே தொடும். நான்கு கவுன்டர்களுக்குப் பத்து நிகழ்வுகள் போட்டியிட்டால் கெர்னலே முறைவைத்து மாற்றி மாற்றி எண்ணி, எவ்வளவு நேரம் உண்மையில் எண்ணினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லும். நேர்மையான கணக்கு.

எண்ணச் சொல்லும் அந்தச் சிறு கட்டளைக்குள்ளேயே பெரிய ஓட்டையும் இருந்தது. எந்த நிகழ்வை எண்ண வேண்டும் என்று பயனர் தரும் 64 பிட் எண்ணை, ஓர் இடத்தில் கெர்னல் குறியுள்ள 32 பிட் எண்ணாக வாங்கியது. அப்படி வாங்கும்போது பெரிய எண் மைனஸ் எண்ணாக மாறலாம். மைனஸ் எண் பட்டியலின் எல்லையைத் தாண்டாது என்று சோதனை அதை உள்ளே விட்டது. பட்டியலுக்கு வெளியே, கெர்னலின் வேறொரு மூலையில் எண் ஏறியது. அந்த ஏற்றத்தை வைத்தே சாதாரணப் பயனர் ரூட் ஆகலாம். 2.6.37இல் நுழைந்த இந்தப் பிழையை, கண்டபடி உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் ‘டிரினிட்டி’ கருவியை ஓட்டிய டாமி ரன்டாலா 2013இல் கண்டுபிடித்தார். 3.8.9இல் திருத்தினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல், எண்ணிக்கை எடுக்க வைத்த வாசல் ஆட்சியைக் கைப்பற்றும் வாசலாகத் திறந்து கிடந்தது.

இதன் பிறகு பலரும் பெர்ஃபை ரூட்டுக்கு மட்டும் என்று பூட்டினார்கள். அது இன்னொரு அபத்தத்தில் கொண்டுபோய் விட்டது. சர்வரில் வேகம் ஏன் குறைகிறது என்று அளக்க மட்டும் வந்தவருக்கு, வட்டை அழிக்கவும் பயனரை நீக்கவும்கூட முடியும் முழு அதிகாரத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. பலகையைப் படிக்க வந்தவர் கையில் சிக்னல் அறையின் சாவி! 2020 ஆகஸ்டில் வந்த 5.8 கெர்னல் ‘கேப்_பெர்ஃப்மான்’ என்ற தனி உரிமையை உண்டாக்கிய பிறகே அளப்பவருக்கு அளக்கும் உரிமை மட்டும் கொடுக்க முடிந்தது. பதினொரு ஆண்டு தாமதம். ஆனாலும் இந்த நீண்ட வரலாற்றில் மிகப் பொறுப்பான முடிவுகளில் ஒன்று இது.

பூஜ்யமாக்குவது கணக்கா, கட்டளையா என்பதும் இழுபறிதான். நிரல்களைக் குழுவாகப் பிரித்து நினைவகத்தைப் பங்கிடும் ‘சிகுரூப்’ வசதியில் ‘மெமரி.கரன்ட்’ என்பது கணக்கு, ‘மெமரி.மேக்ஸ்’ என்பது வரம்பு. உச்சமாக எவ்வளவு பிடித்தது என்ற எண்ணும் உண்டு. முதல் பதிப்பில் யாராவது அந்த உச்சத்தை அழித்தால் எல்லாருக்கும் அழிந்துபோகும். பக்கத்தில் அளந்துகொண்டிருந்தவரின் கணக்கு அவருக்குத் தெரியாமலே பொய்யாகும். இரண்டாம் பதிப்பு இதற்கு அழகான வழி கண்டது. கோப்பைத் திறந்து வைத்திருப்பவர் அழித்தால், அவர் பார்வைக்கு மட்டும் புதிதாகத் தொடங்கும். மற்றவர்களுக்குப் பழைய உச்சம் அப்படியே நிற்கும்.

இங்கே கோடு உண்மையில் எங்கே இருக்கிறது என்பது புலப்படுகிறது. படிப்பதா, எழுதுவதா என்பதை வைத்து அதைப் போட முடியாது. அந்தச் செயல் யாரைத் தொடுகிறது என்பதே கேள்வி. என் கவுன்டரை நான் பூஜ்யமாக்கினால் அது கணக்கு வேலைதான். பிறருடைய பைட் எண்ணிக்கையை நான் படித்தால், எதையும் மாற்றாவிட்டாலும் நான் அவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

மென்பொருளில் இவ்வளவு அடிபட்டுக் கற்றதை வன்பொருளிலேயே எழுதிவைத்த ஒரு வடிவமைப்பைப் பின்பற்றும் ப்ராசஸர் சென்னையின் தென்பகுதியில் உருவானது. ஐஐடி மெட்ராஸில் காமகோடி தலைமையிலான குழு உருவாக்கிய ‘சக்தி’ ப்ராசஸர்கள் 2018இல் சிப்பாக வந்து லினக்ஸை ஓட்டின. முதல் தொகுதி இன்டெல்லின் ஆரிகன் ஆலையில் 22 நானோமீட்டரிலும், அடுத்தது சண்டிகரின் எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரிலும் தயாரானது. சக்தி பின்பற்றுவது பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்ற திறந்த கட்டளைத் தொகுதி.

ரிஸ்க்-ஃபைவில் கட்டுப்பாட்டுக்கும் கணக்குக்குமான பதிவகங்களுக்கு 12 பிட் முகவரி, ஆக 4096 இடங்கள். முகவரியின் முதல் இரண்டு பிட்டும் 1 என்றால் அந்தப் பதிவகத்தைப் படிக்க மட்டுமே முடியும். எழுத முயன்றால் ப்ராசஸரே பிழை எழுப்பி நிறுத்திவிடும். அடுத்த இரண்டு பிட், அதைத் தொடுவதற்குக் குறைந்தபட்சம் என்ன அதிகாரம் வேண்டும் என்று சொல்லும். ப்ராசஸர் எத்தனை சுழற்சி ஓடியது என்ற ஒரே கவுன்டருக்கு இரண்டு முகவரிகள். பதினாறடிமான எண்ணில் சி00 என்று கேட்டால் சாதாரண நிரலும் படிக்கலாம், எழுத முடியாது. பி00 என்று கேட்டால் எழுதலாம், ஆனால் அதற்கு மெஷினின் உச்ச அதிகாரம் வேண்டும். எண் ஒன்றுதான், எந்த வாசலில் நிற்கிறோம் என்பதை முகவரியே காட்டிக்கொடுக்கும். போதாததற்கு, சி00 வாசலைக்கூட மேலதிகாரி மூடிவைக்க இன்னொரு பதிவகம் இருக்கிறது.

அந்த மூன்றாம் பூட்டு வீண் போகவில்லை. ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸில் 2023 அக்டோபர் வரை எந்த நிரலும் சுழற்சிக் கணக்கை நேரடியாகப் படிக்க முடிந்தது. துல்லியமான கடிகாரம் யார் கையிலும் இருப்பது, நேரத்தை அளந்து ரகசியம் திருடுபவருக்கு வசதி. 6.6 கெர்னல் அந்த வாசலை மூடி, பெர்ஃப் வழியாக வந்தால் மட்டும் திறந்தது. நேரடியாகப் படித்துக்கொண்டிருந்த பழைய நிரல்கள் ‘செல்லாத கட்டளை’ என்ற பிழையோடு விழுந்தன. பழையபடி திறந்துவிட ஒரு கோப்பும் வைத்திருக்கிறார்கள். ‘பெர்ஃப்_யூசர்_ஆக்சஸ்’ என்ற அதில் ரூட் 2 என்று எழுத வேண்டும்.

உங்களிடம் லினக்ஸ் ஓடும் கணினி எதுவாவது இருந்தால், ப்ராக் கோப்புறைக்குள் ‘சிஸ்’, அதற்குள் ‘கெர்னல்’, அதற்குள் ‘பெர்ஃப்_ஈவன்ட்_பாரனாய்டு’ என்ற கோப்பைப் படித்துப் பாருங்கள். கெர்னல் வெளியிடும் அசல் மதிப்பு 2. சாதாரணப் பயனர் தன் நிரலை மட்டும் அளக்கலாம், கெர்னலுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அர்த்தம். டெபியன் அதை 3 ஆக்கி அந்த வாசலையே சாதாரணப் பயனருக்கு அடைத்திருக்கிறது, உபுன்டுவில் 4. உங்கள் இயங்குதளத்துக்கான மதிப்பைவிடக் குறைந்த எண் தெரிந்து, அந்தக் கணினியை இன்னும் நாலு பேர் பயன்படுத்துகிறார்கள் என்றால், யார் எதற்காகக் குறைத்தார்கள் என்று உங்கள் நிர்வாகியிடம் கேளுங்கள்.